வாயால் மூச்சு விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல் மருத்துவர். வாயால் மூச்சு விடுகிறவர்களை முதலில் பார்ப்பது பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள்தான். மூக்கடைப்புக்கென்று யாரும் பல் டாக்டரிடம் வருவதில்லை. ஈறில் ரத்தம் வருகிறது, முன்பல் துருத்துகிறது, வாய் நாறுகிறது என்று வருவார்கள். நாலு கேள்வி கேட்டால், இரவெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவது தெரியவரும். அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மூக்கு வழியாகப் போனால் என்ன, வாய் வழியாகப் போனால் என்ன? காற்று உள்ளே போனால் சரிதானே?

உயிர் வாழ அது போதும். ஆனால் உள்ளே போகிற காற்றின் தரம் மாறிவிடுகிறது. ஒரு நாளில் நாம் சுமார் 10,000 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். அதில் சாலைத் தூசி, கொசுவத்திப் புகை, மகரந்தம், கிருமி எல்லாம் இருக்கும். மூக்கு முடியும் உள்ளே இருக்கிற சளிப்படலமும் இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. மூக்கின் பக்கச் சுவரில் ரத்தக் குழாய்கள் நிறைந்த சதை மடிப்புகள் இருக்கின்றன. காற்று அவற்றை உரசிக்கொண்டு போவதால், தொண்டைக்கு வருவதற்குள் கதகதப்பாகவும் ஈரமாகவும் ஆகிவிடுகிறது. வாயில் இந்த ஏற்பாடு இல்லை. வறண்ட காற்று நேராகத் தொண்டையில் போய் மோதும்.

இன்னொன்றும் இருக்கிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளை சைனஸ் என்கிறோம். அங்கே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு நிறையச் சுரக்கிறது என்று சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 1995-இல் காட்டினார்கள். மூக்கால் இழுக்கும்போது அது காற்றோடு சேர்ந்து நுரையீரலுக்குப் போய் அங்குள்ள ரத்தக் குழாய்களை விரிவாக்க உதவுகிறது. இதைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டாலே சர்க்கரையும் பிரஷரும் போய்விடும் என்று சிலர் வீடியோ போடுகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது.

மூச்சை வெளியே விடும்போதும் மூக்குக்கு வேலை உண்டு. வெளியேறும் ஈரத்தில் ஒரு பங்கை அது திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆரோக்கியமானவர்களிடம் அளந்து பார்த்த ஓர் ஆய்வில், மூக்கால் விடுவதைவிட வாயால் விடும்போது 42 சதவீதம் கூடுதலாக நீர் வெளியேறியது. காலையில் எழுந்ததும் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

ஓடும்போது, சளி பிடித்திருக்கும்போது வாயால் மூச்சு விடுகிறேன். அதுவும் தப்பா?

தப்பே இல்லை. வேகமாக ஓடினால், படியேறினால் யாருக்கும் மூக்கு மட்டும் போதாது. உடல் தானாகவே வாயையும் திறந்துகொள்ளும். சளி பிடித்த ஒரு வாரமும் அப்படித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் மாதக்கணக்கில் வாய் திறந்தே இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

தூக்கத்தில் நடப்பது எனக்கு எப்படித் தெரியும்?

சில அறிகுறிகள் இருக்கின்றன. காலையில் வாய் வறண்டு தொண்டை கரகரவென்று இருக்கும். தலையணை உறையில் எச்சில் கறை இருக்கும். உதடு எப்போதும் வெடித்திருக்கும். ராத்திரியில் தண்ணீர் குடிக்கவே எழுந்திருப்பீர்கள். பக்கத்தில் படுப்பவர் குறட்டையைப் பற்றிப் புலம்புவார். குழந்தையாக இருந்தால் படம் வரையும்போது, டிவி பார்க்கும்போது உதடு இரண்டும் சேராமல் இருப்பதைப் பகலிலேயே பார்க்கலாம். சாப்பிடும்போது மெல்வதற்கு நடுவே மூச்சு வாங்குவதற்காக நிறுத்துவார்கள், அல்லது சரியாக மெல்லாமல் விழுங்கிவிடுவார்கள். "இவன் சாப்பாட்டை அரை மணி நேரம் வாயிலேயே வச்சிருக்கான் டாக்டர்" என்று அம்மாக்கள் சொல்லும் பிள்ளைகளில் சிலருக்குப் பிரச்சினை மூக்கில்தான் இருக்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சில்லென்று இருக்கும் ஒரு சில்வர் தட்டை மூக்குக்குக் கீழே படுக்கை வசமாகப் பிடித்து, வாயை மூடி மூச்சு விடச் சொல்லுங்கள். இரண்டு துளைக்கும் நேராகத் தட்டில் பனி படிய வேண்டும். ஒரு பக்கம் படியவே இல்லை, அல்லது பொட்டு அளவுதான் படிகிறது என்றால் அந்தப் பக்கம் காற்று சரியாகப் போகவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் ஓர் உலோகப் பட்டையை வைத்து இதைத்தான் செய்கிறார்கள். இதை வைத்து நோய் இன்னதென்று சொல்ல முடியாது, டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. வாய் வறட்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரை நோய், தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள், சில மனநல மருந்துகள் எல்லாமே வாயை வறளவைக்கும். தட்டில் பனி நன்றாகப் படிகிறது, ஆனாலும் வாய் வறள்கிறது என்றால் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

இது கெட்ட பழக்கம்தானே? "வாயை மூடு" என்று சொல்லிச் சொல்லித் திருத்திவிடலாமா?

இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதற்கான பதிலைத்தான். யாரும் ஆசைப்பட்டு வாயால் மூச்சு விடுவதில்லை. மூக்கில் போதிய காற்று வராததால் வாய் திறக்கிறது. அடைப்பு எங்கே என்று பார்க்காமல் குழந்தையை அதட்டுவதும், தாடையைத் தட்டி மூடுவதும், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் முன்னால் கேலி செய்வதும் வேண்டவே வேண்டாம். அந்தக் குழந்தையால் முடிந்திருந்தால் எப்போதோ மூடியிருக்கும்.

அடைப்புக்குக் காரணம் வயதுக்கு வயது மாறும். சிறு குழந்தைகளுக்கு அடினாய்டு சதை. மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கும் மேலே இருப்பதால் வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை பெரிதாக இருக்கும், பிறகு சுருங்கி, வளரிளம் பருவத்தில் பெரும்பாலும் காணாமலே போய்விடும். வாய் திறந்து, முகம் வெளிறி, காது மந்தமாக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சதைதான் காரணம் என்பதை டென்மார்க் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் 1868-இலேயே விளக்கி எழுதினார். கூடவே டான்சிலும் வீங்கியிருக்கலாம்.

எல்லா வயதிலும் வருவது அலர்ஜி. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கரிப்பு, கண்ணரிப்பு. உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கு இரண்டு துளைகளையும் பிரிக்கும் மூக்குத் தண்டு வளைந்திருக்கலாம், பக்கவாட்டுச் சதை வீங்கியிருக்கலாம், பாலிப் எனப்படும் திராட்சை போன்ற சதை வளர்ந்திருக்கலாம். "மூக்கில் எலும்பு வளைந்திருக்கிறது" என்று ஸ்கேனில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். லேசான வளைவு மிகப் பலருக்கும் உண்டு. தொந்தரவு தராவிட்டால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

அடைப்பு நீங்கிய பிறகும் சிலருக்கு வாய் திறந்தே இருக்கும். உதட்டுத் தசை தளர்ந்து, நாக்கு கீழேயே கிடந்து பழகியிருக்கும். பழக்கம் என்ற பேச்சு அந்தக் கட்டத்தில்தான் வர வேண்டும். அதற்கென்று உதட்டுக்கும் நாக்குக்கும் பயிற்சிகள் இருக்கின்றன.

பல்லுக்கும் ஈறுக்கும் என்ன ஆகும்?

என் துறை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாயைக் காப்பது எச்சில். சாப்பிட்டபின் வாயில் உருவாகும் அமிலத்தை அது நீர்க்கச் செய்து சமன் செய்கிறது. கரையத் தொடங்கிய எனாமலுக்குக் கால்சியத்தைத் திருப்பித் தருகிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏற்கெனவே மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சத்தையும் காற்று உலர்த்திவிட்டால் பல்லுக்குக் காவலே இல்லை. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 10 பேரை மூக்குக்கு கிளிப் போட்டும் போடாமலும் தூங்கவைத்து, வாயின் அமிலத்தன்மையை இரவு முழுக்க அளந்தார்கள். அதை பி.எச். என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். சாதாரணமாகத் தூங்கியபோது சராசரி பி.எச். 7.0, வாயால் மூச்சு விட்டபோது 6.6. சில நேரங்களில் சிலருக்கு 3.6 வரைகூட இறங்கியது. எனாமல் கரையத் தொடங்குவது சுமார் 5.5-இல். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நான் நாற்காலியில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

அப்படி நான் பார்ப்பது என்ன? மேல் உதட்டைத் தூக்கினால் மேல் முன்பற்களுக்கு மேலே உள்ள ஈறு மட்டும் சிவந்து, வீங்கி, எண்ணெய் தடவியதுபோலப் பளபளவென்று இருக்கும். உதடு மூடாத இடம் எதுவோ அந்த அளவுக்கு மட்டும் சிவப்பு, ஒரு கோடு போட்ட மாதிரி நிற்கும். உதடு மறைக்கிற பகுதியில் ஈறு இளஞ்சிவப்பாகச் சாதாரணமாக இருக்கும். அழுக்கு படிந்ததால் வரும் ஈறுவீக்கம் இப்படி ஓர் எல்லை வகுத்துக்கொண்டு வராது. இந்தப் பிள்ளைகளில் பலர் இரண்டு வேளையும் ஒழுங்காகப் பல் துலக்குகிறவர்கள். "நீ சரியா தேய்க்கிறதே இல்ல" என்று வீட்டில் தினமும் திட்டு வாங்கியிருப்பார்கள். கிளீனிங் செய்தால் சில வாரம் நன்றாக இருக்கும், மூக்கு சரியாகாவிட்டால் சிவப்பு திரும்பிவிடும்.

வாய் நாற்றமும் இதே கணக்குதான். உலர்ந்த நாக்கின் மேல் கிருமிகள் சேர்ந்து கந்தக வாயுக்களை வெளியிடும். மவுத்வாஷ் அரை மணி நேரம் மறைக்கும், அவ்வளவுதான்.

மூக்கைச் சரிசெய்யும் வரை பல்லைக் காப்பாற்ற ஒரே ஒரு விஷயத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கச் சொல்வேன். இரவு பல் துலக்கியபின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் போகக் கூடாது. சர்க்கரை போட்ட பாலைக் குடித்துவிட்டு அப்படியே வாய் திறந்து தூங்கும் குழந்தையின் முன்பற்கள் கண்ணெதிரே கரைந்துபோகும். பாலைக் கொடுத்துவிட்டுப் பல் துலக்கவையுங்கள். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் போட்டுத் துலக்கி, நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்.

முகமே நீளமாகிவிடும், அழகு கெட்டுவிடும் என்று இணையத்தில் படங்கள் போட்டிருக்கிறார்களே?

அந்த முன்-பின் படங்களில் பாதிக்கு மேல் மிகைதான். ஆனால் விஷயம் முழுக்கப் பொய்யும் இல்லை.

வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேல் அண்ணத்தில் படிந்து கிடக்கும். வெளியிலிருந்து கன்னத் தசை அழுத்த, உள்ளிருந்து நாக்கு தாங்க, மேல்தாடை அகலமாக வளர்கிறது. வாய் திறந்திருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். தாங்க ஆள் இல்லாமல் அண்ணம் குறுகிக் குழிவாகும், பற்களுக்கு இடம் போதாமல் முன்பல் துருத்தும், பல்வரிசை பொருந்தாமல் போகும். கலிஃபோர்னியாவில் எகில் ஹார்வோல்ட் என்ற பல்சீரமைப்பு ஆய்வாளர் 1970-களில் இளம் குரங்குகளின் மூக்கை சிலிக்கோன் அடைப்பான்களால் அடைத்து என்ன ஆகிறது என்று பார்த்தார். பல்வரிசை எல்லாவற்றுக்கும் கோணலானது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகக் கோணியது. ஏனென்றால் ஒவ்வொரு குரங்கும் நாக்கையும் தாடையையும் வெவ்வேறு விதமாக வைத்து மூச்சு விடக் கற்றுக்கொண்டது.

மனிதக் குழந்தைக்கு மூக்கு அப்படி முற்றாக அடைவது அரிது. முக அமைப்பில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. அப்பாவுக்கு நீள முகம் என்றால் பிள்ளைக்கும் இருக்கும், மூக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும். அதனால் குழந்தையின் முகத்தைப் பார்த்தே மூக்கடைப்பு என்று முடிவு கட்டக் கூடாது. சிறு வயதில் அண்ணத்தின் நடு இணைப்பு இறுகியிருக்காது. அப்போது பல்சீரமைப்பு மருத்துவர் விரிப்பான் என்ற கருவியைப் பொருத்திக் குறுகிய அண்ணத்தை அகலப்படுத்த முடியும். வயது ஏற ஏற அது கடினமாகிவிடும். நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பிடித்தால் தாடை அழகாகும் என்று இளைஞர்கள் செய்கிறார்களே, வளர்ந்தவர்களுக்கு அதனால் எலும்பு மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

பையனுக்குப் படிப்பில் கவனமே இல்லை, எரிந்து விழுகிறான். இதற்கும் மூக்குக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். குறட்டையோடு வாயால் மூச்சு விடும் சில குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுப்பாதை அவ்வப்போது அடைபட்டுத் திறக்கும். தூக்கத் தடைசுவாசம் என்கிறோம். ஒவ்வொரு முறை அடைபடும்போதும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும். பத்து மணி நேரம் படுத்தும் தூக்கம் போதாமல் எழுந்திருப்பார்கள். பெரியவர்களானால் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகள் நேர்மாறாகத் துறுதுறுவென்று ஓடுவார்கள், அடம்பிடிப்பார்கள், ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். ஆசிரியர்கள் இதைக் கவனக்குறைவு நோய் என்று சந்தேகிப்பதும் உண்டு. நிறுத்திவிட்ட படுக்கை நனைத்தலும் திரும்ப வரலாம். கழுத்தைப் பின்னால் சாய்த்து, குப்புறப் படுத்து, தலை வியர்த்துத் தூங்குவதைக் கவனியுங்கள்.

காதையும் சேர்த்துப் பாருங்கள். பெரிதான அடினாய்டு, மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாயை அடைத்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளச் செய்யும். வலி இருக்காது, கேட்பது மட்டும் மந்தமாகும். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, வேண்டுமென்றே செய்வதாக நினைத்துவிடக் கூடாது.

அப்படியானால் அடினாய்டு ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

எல்லாருக்கும் தேவையில்லை. அமெரிக்காவில் தூக்கத் தடைசுவாசம் உள்ள, 5 முதல் 9 வயதுவரையிலான 464 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே டான்சில்-அடினாய்டு அறுவை செய்தார்கள், மற்றக் குழுவைக் கண்காணித்தார்கள். 2013-இல் முடிவுகள் வந்தன. ஏழு மாதத்தில் அறுவை செய்த குழந்தைகளில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாகியிருந்தது. சும்மா கண்காணித்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் சரியாகியிருந்தது! கவனத்தை அளக்கும் தேர்வில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நடத்தை, வாழ்க்கைத் தரம், அறிகுறிகள் ஆகியவை அறுவை செய்த குழுவில் தெளிவாக மேம்பட்டிருந்தன.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது: தொந்தரவு லேசாக இருந்தால், மூக்கு ஸ்பிரே போட்டுச் சில மாதம் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, எடை ஏறவில்லை, காது மந்தமாகவே இருக்கிறது என்றால் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடக் கூடாது. சதையை எடுத்தால் நோய் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்ற பயம் பல தாத்தா பாட்டிகளுக்கு இருக்கிறது. உடலில் அந்த வேலையைச் செய்ய வேறு நிணநீர்த் திசுக்கள் நிறைய இருக்கின்றன.

பெரியவர்களுக்கு என்ன ஆபத்து?

குறட்டையோடு சேர்ந்து வந்தால்தான் பெரிய ஆபத்து. "திடீர்னு சத்தமே நின்னுடும், அப்புறம் மூச்சுத் திணறி எழுந்திருப்பார்" என்று மனைவி சொன்னால் அது தூக்கத் தடைசுவாசமாக இருக்க வாய்ப்பு அதிகம். சிகிச்சை இல்லாமல் விட்டால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராது, இதயத்துக்கும் நல்லதில்லை. வண்டி ஓட்டும்போது கண் சொருகும். லாரி, பஸ், கால் டாக்சி ஓட்டுகிறவர்கள் இதை ஒரு நாளும் அலட்சியம் செய்யக் கூடாது. தூக்கப் பரிசோதனையை இப்போது வீட்டிலேயே கருவியை மாட்டிக்கொண்டும் செய்யலாம். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் மூச்சு தடைபட்டால் நோய் என்று கணக்கு. மூக்குத் தண்டைச் சரிசெய்தால் மட்டும் தடைசுவாசம் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள், அடைபடுவது தொண்டையில். ஆனால் மூக்கு திறந்தால், தடைசுவாசத்துக்குத் தரும் சி-பேப் கருவியை (முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) போட்டுக்கொண்டு தூங்குவது எளிதாகும்.

ஒரு நேரம் வலது பக்கம், ஒரு நேரம் இடது பக்கம் என்று மாறி மாறி அடைக்கிறது. இது என்ன?

பெரும்பாலும் இயல்புதான். மூக்கின் இரு பக்கச் சதைகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை வைத்துக்கொண்டு வீங்கும், சுருங்கும். ஜெர்மன் மருத்துவர் கைசர் 1895-இல் இதைப் பதிவு செய்தார். நம் சித்தர் மரபில் இடகலை, பிங்கலை என்று மூச்சு எந்த மூக்கில் ஓடுகிறது எனச் சரம் பார்க்கும் வழக்கத்துக்கு அடிப்படையும் இந்த மாற்றம்தான். எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால் மட்டும் காட்டுங்கள்.

இரவில் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கலாமா? நிறையப் பேர் செய்கிறார்களே?

வேண்டாம் என்பதே என் பதில். குழந்தைக்கு ஒருபோதும் கூடாது. 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, டேப் அல்லது வேறு வழியில் வாயை மூடவைத்த 10 ஆய்வுகளை, மொத்தம் 213 பேரை அலசியது. லேசான தடைசுவாசம் உள்ள சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது, மற்றபடி பெரிதாக ஒன்றும் இல்லை. மூக்கு அடைத்தவர் வாயையும் மூடினால் மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு என்று அந்தத் தொகுப்பு எச்சரிக்கிறது. வாந்தி வந்தால் நிலைமை இன்னும் மோசம். மூக்கு நன்றாக இருப்பவருக்கு டேப் தேவையில்லை, அடைத்திருப்பவருக்கு டேப் ஆபத்து.

மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் உடனே திறந்துவிடுகிறது. அதையே தொடரலாமா?

கூடாது. அது பெரும்பாலும் ஸைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின். ரத்தக் குழாயைச் சுருக்கி உடனே வழிவிடும். நான்கைந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் இறங்கும்போது முன்பைவிட அதிகமாக அடைக்கும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. இப்படியே ஆண்டுக்கணக்கில் சட்டைப் பையில் பாட்டிலோடு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

அலர்ஜிக்கு டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு ரகம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதுமே பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஃபுளூட்டிகசோன், மோமெட்டசோன் போன்றவற்றில் ரத்தத்தில் சேர்வது மிகமிகக் குறைவு. ஆனால் உடனே வேலை செய்யாது, முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். அடிக்கிற விதமும் முக்கியம். தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், முனையைக் காது பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். நடுத் தண்டை நோக்கி அடித்தால் புண்ணாகி ரத்தம் வரும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

வேது பிடிப்பது, உப்புத் தண்ணீர் விடுவது, தைலம் தேய்ப்பது?

வேது பிடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். அடினாய்டு சுருங்காது, அலர்ஜி போகாது. கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனியவைத்துப் போர்வையால் மூடாதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் ஆண்டுதோறும் உண்டு. கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக் கூடாது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல வழி. தூசியும் சளியும் வெளியேறும், ஸ்பிரேயும் நன்றாக வேலை செய்யும். கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். ஆனால் குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் அப்படியே விடக் கூடாது. 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் வந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்த வகை அமீபாவில் முக்கியமானது குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகும். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் மட்டுமே விட வேண்டும். பாத்திரத்தையும் கழுவி உலர்த்தி வையுங்கள். யோகாவில் மூக்கைக் கழுவும் நேத்தி செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மூச்சுப் பயிற்சி செய்தால் சரியாகுமா?

அடைப்பு நீங்கியபின் மூக்கால் நிதானமாக மூச்சு விட்டுப் பழக நாடிசுத்தி (இரண்டு மூக்கிலும் மாற்றி மாற்றி மூச்சு விடும் பயிற்சி) நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு இத்தகைய பயிற்சிகளால் அறிகுறிகள் குறைகின்றன. இன்ஹேலரை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிட வேண்டாம். வளைந்த தண்டையோ வளர்ந்த சதையையோ எந்தப் பயிற்சியும் நேராக்காது.

கர்ப்பமாக இருக்கிறேன். திடீரென்று மூக்கு அடைத்து வாயால் மூச்சு விடுகிறேன்.

கர்ப்பகாலத்தில் மூக்குச் சவ்வு வீங்குவது சகஜம், பிரசவத்துக்குப் பின் தானாகப் போய்விடும். தலையை உயர்த்திப் படுங்கள், உப்புநீர் விடுங்கள். குறட்டை புதிதாகப் பலமாக வந்தால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்த அழுத்தத்தைக் கூடுதலாகக் கவனிப்பார்.

எதற்கெல்லாம் உடனே ஓட வேண்டும்?

முதல் சில மாதங்களில் கைக்குழந்தை மூக்கால் மட்டுமே மூச்சு விடப் பழகியிருக்கும். பால் குடிக்கும்போது நீலமாகி, அழும்போது சரியாகும் பச்சைக் குழந்தைக்கு மூக்கின் பின்துளை பிறவியிலேயே மூடியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறு பிள்ளைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே ஏதாவது சிக்கியிருக்கும். புளியங்கொட்டை, பட்டாணி, ரப்பர் துண்டு என்று எதையும் திணிப்பார்கள். பொம்மையின் பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே மூக்குத் தண்டை அரித்துத் துளையிட்டுவிடும். வீட்டில் எடுக்க முயலாமல், தண்ணீரோ சொட்டு மருந்தோ விடாமல், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பெரியவர்களுக்கு ஒரே பக்க அடைப்போடு ரத்தம் கலந்த சளி வந்தால் தாமதிக்க வேண்டாம்.

யாரிடம் காட்டுவது? என்ன கொண்டுபோக வேண்டும்?

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். குழந்தையானால் குழந்தை மருத்துவர் வழியாகவும் போகலாம். பல்வரிசையைப் பல்சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுங்கள், ஆனால் மூக்கைப் பார்க்காமல் கிளிப் மட்டும் போட்டுவிட்டு வந்தால் கிளிப்பை எடுத்தபின் பல் பழையபடி நகர வாய்ப்பு உண்டு.

டாக்டர் அறையில் குழந்தை வாயை மூடிக்கொண்டு சமத்தாக உட்கார்ந்திருக்கும், அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தூங்கும்போது செல்போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். போர்வையை விலக்கி, முகமும் நெஞ்சும் வயிறும் ஒரே சட்டத்தில் தெரியும்படி, விளக்கைப் போட்டு, ஃபேன் சத்தத்தைக் குறைத்து எடுங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போகிறதா என்பதை டாக்டர் அதில் பார்ப்பார். படுத்தவுடன் எடுப்பதைவிட விடியற்காலை 3 மணிக்கு மேல் எடுப்பது நல்லது, கனவு வரும் தூக்கம் அப்போதுதான் அதிகம், மூச்சு தடைபடுவதும் அந்த நேரத்தில்தான் நன்றாகத் தெரியும்.